அரைப் புள்ளியில் முடியும் ஆறு மாதம்

2011 செப்டம்பர் 28, புதன்கிழமை இரவு. அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பாலில் வழக்கமான பருவத்தின் கடைசி நாள். பால்டிமோரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 3-2 என்று முன்னிலையில் இருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், தளத்தில் ஆள் இல்லை, பந்து ஜானதன் பாப்பெல்பான் கையில். அடுத்து வந்த மூன்று பேரும் வரிசையாக அடித்தார்கள். ரெட் சாக்ஸ் 4-3 என்று தோற்றது. சில நிமிடங்களில் ஃபுளோரிடாவில், ஏழு ரன் பின்தங்கிக் கிடந்து எழுந்து வந்த டாம்பா பே ரேஸ் அணிக்காக எவன் லாங்கோரியா பன்னிரண்டாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். பிளே-ஆஃப் இடம் ரேஸுக்குப் போக, செப்டம்பர் தொடக்கத்தில் அந்த இடத்துக்கு ஒன்பது ஆட்ட முன்னிலை வைத்திருந்த ரெட் சாக்ஸின் பருவம் அங்கேயே முடிந்தது. அதே இரவில் அட்லாண்டாவில் கிரெய்க் கிம்ப்ரல் ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலையைக் கைவிட்டார். பிரேவ்ஸ் பதின்மூன்றாவது இன்னிங்ஸில் தோற்க, அவர்கள் இழந்த பிளே-ஆஃப் இடத்தைப் பிடித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அந்த ஆண்டு உலகத் தொடரையே வென்றது.

பேஸ்பாலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரவை இன்னும் விடவில்லை. நான் இங்கே கேட்க வருவது வேறொன்று. அந்த இரவில்தான் ஃபேன்டஸி பேஸ்பால் லீக்குகளும் முடிந்தன. அவற்றின் கணக்கேட்டில் அந்த இரவு எப்படிப் பதிவானது?

டாம்பாவில் தோல்வியின் விளிம்பிலிருந்து ஆட்டத்தைச் சமன் செய்தது டான் ஜான்சன் என்பவரின் ஹோம் ரன். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். அதுவரை அந்தப் பருவத்தில் அவருடைய பேட்டிங் சராசரி .108. அப்படி ஒருவரை ஃபேன்டஸி அணியில் வைத்திருந்தவர்கள் மிக மிக அரிதாகவே இருந்திருப்பார்கள். ஆக, அந்த ஆண்டின் மிகப் பெரிய அடிகளில் ஒன்று பெரும்பாலான லீக்குகளில் யார் கணக்கிலும் ஏறவில்லை. லாங்கோரியாவின் ஹோம் ரன் ஏறியது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் 10-1 என்று தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் ஒருவர் அடிக்கும் ஹோம் ரன்னுக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் அதற்கும். பாப்பெல்பான் விட்ட இரண்டு ரன்னும் மே மாதத்தில் விட்ட இரண்டு ரன்னும் அந்தக் கணக்கேட்டுக்கு ஒன்றே.

ஃபேன்டஸி பேஸ்பாலின் அடிப்படை இயல்பு இது. எந்தத் தருணத்தில் நடந்தது என்று அது கேட்காது. நடந்ததா என்று மட்டும் கேட்கும். அப்படிப்பட்ட ஒரு விளையாட்டு, இரண்டு மூன்று அணிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கடைசி வாரத்துக்கு வரும்போது, வெற்றியாளரை எப்படித் தீர்மானிக்க வேண்டும்? இதற்கு இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, இரண்டிலும் உண்மையான குறைகள் உண்டு. அவற்றை நிறுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியும் என்று நம்புகிறேன்.

நம் வாசகர்களுக்கு ஃபேன்டஸி என்றால் டிரீம்11 வகை நினைவுக்கு வரும். ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்குப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுப்போம், ஆட்டம் முடிந்ததும் கணக்கும் முடிந்துவிடும். அமெரிக்க ஃபேன்டஸி பேஸ்பாலின் மரபு வடிவம் அதற்கு நேர் எதிர். 1979-ன் இறுதியில் டெக்சாஸுக்குப் போகும் விமானத்தில் அமர்ந்து டேனியல் ஓக்ரெண்ட் என்ற இதழாளர் அதன் விதிகளை எழுதினார். 1980-ல் நியூயார்க்கின் ‘லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ்’ உணவகத்தில் கூடிச் சாப்பிடும் நண்பர்கள் அதை ஆடத் தொடங்கினார்கள். அதனால்தான் இன்றும் அந்த முறைக்கு ரோட்டிசரி என்று பெயர். ஒவ்வொருவருக்கும் 260 டாலர், அதற்குள் ஏலத்தில் 23 வீரர்கள். பருவம் முழுவதும், ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை, அந்த வீரர்கள் நிஜ ஆட்டங்களில் குவிப்பதெல்லாம் உங்கள் கணக்கு.

முதலில் எட்டு இனங்கள் இருந்தன. பிறகு ரன்னும் ஸ்ட்ரைக்அவுட்டும் சேர்ந்து பத்தாயின. அடிப்பவர்களுக்குச் சராசரி, ஹோம் ரன், ரன், சக வீரர்களை அடித்து வீடு சேர்க்கும் ஆர்.பி.ஐ., பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிப் பிடிக்கும் ஸ்டீல். பிட்சர்களுக்கு வெற்றி, அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடிக்கும் சேவ், ஸ்ட்ரைக்அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டார் என்று சொல்லும் ஈ.ஆர்.ஏ., ஒரு இன்னிங்ஸுக்கு எத்தனை பேரைத் தளத்தில் ஏறவிட்டார் என்று சொல்லும் விப். இந்த விப் என்ற அளவையே ஓக்ரெண்ட் தன் விளையாட்டுக்காக உண்டாக்கியதுதான். இன்று நிஜ பேஸ்பால் ஒளிபரப்பிலேயே அதைச் சொல்கிறார்கள். பன்னிரண்டு அணிகள் இருந்தால் ஒவ்வொரு இனத்திலும் முதலிடத்துக்குப் 12 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. பத்து இனங்களையும் கூட்டினால் உங்கள் மொத்தம். இரண்டு அணிகள் ஓர் இனத்தில் சமமாக நின்றால் அந்த இடங்களின் புள்ளியைப் பாதிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அரைப் புள்ளி என்ற ஒன்று இங்கிருந்துதான் வருகிறது.

இரண்டாவது முறை நேருக்கு நேர். ஒவ்வொரு வாரமும் உங்கள் அணிக்கு ஓர் எதிரணி. அந்த ஒரு வாரத்துக் கணக்கில் யார் கூடுதலோ அவருக்கு வெற்றி. செப்டம்பரில் முதல் நான்கு அல்லது ஆறு அணிகள் பிளே-ஆஃபுக்குப் போகும்; அங்கே தோற்றால் வெளியே.

ரோட்டிசரியில் நெருக்கமான முடிவு எப்படி இருக்கும் என்பதை எண்ணிக்கையோடு பார்த்தால்தான் அதன் அழகும் கொடூரமும் புரியும். ஒரு லீக்கை நாமே வரைந்துகொள்வோம். கடைசி ஞாயிறு காலை. முதல் அணிக்கு 98.5 புள்ளி, இரண்டாவது அணிக்கு 97. ஸ்டீலில் முதல் அணி 131, இரண்டாவது அணி 130. அந்த இனத்தில் முன்னதற்கு 9 புள்ளி, பின்னதற்கு 8. இரண்டாவது அணியின் ஆள் ஒருவர் மாலைக்குள் ஒரு தளம் திருடினால் இருவரும் 8.5, இடைவெளி ஒன்றரையிலிருந்து அரையாகிவிடும். இன்னொன்று திருடினால் 9-க்கு 8. இரண்டாவது அணி அரைப் புள்ளியில் சாம்பியன். அதே நாளில் அதே அணியின் வேறொருவர் மூன்று ஹோம் ரன் அடிக்கலாம். ஹோம் ரன்னில் தனக்கு மேலே இருக்கும் அணி இருபது தள்ளி நின்றால், அந்த மூன்றுக்கும் மதிப்பு சுழியம்.

சராசரிகள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். ஏழாயிரம் முறை மட்டை பிடித்து .265 வைத்திருக்கும் அணி, கடைசி நாளில் நாற்பது முறை மட்டை பிடித்துப் பதினைந்து ஹிட் அடித்தாலும் .2656-க்குத்தான் ஏறும். ஆறு மாதம் போட்ட எடை அவ்வளவு எளிதில் அசையாது. ஈ.ஆர்.ஏ. சற்று இளகியது. 1,300 இன்னிங்ஸில் 3.70 வைத்திருக்கும் அணியின் பிட்சர் ஒருவர் ஐந்து இன்னிங்ஸில் ஆறு ரன் விட்டால் 3.73 ஆகும், ஏழு இன்னிங்ஸில் ரன்னே விடாவிட்டால் 3.68. கூட்டமாக நிற்கும் இனத்தில் அந்த 0.03-க்குள் மூன்று அணிகள் இருக்கலாம். ஐ.பி.எல். கடைசி வாரத்தில் நெட் ரன் ரேட்டை மூன்றாம் தசமம் வரை கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் அந்நியமாக இருக்காது. வேறுபாடு, இங்கே அது பத்து இனங்களில் ஒரே நேரத்தில் நடக்கிறது.

ரோட்டிசரி மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இங்கேதான் எழுகிறது. ஒரு ஸ்டீல் சாம்பியனை மாற்றுகிறது, மூன்று ஹோம் ரன் எதையும் மாற்றவில்லை என்றால் இது எப்படி நியாயம்? கேள்வி வலுவானது போலத் தெரியும். ஆனால் அந்த 132-வது ஸ்டீல் தனியாக எதையும் தீர்மானிக்கவில்லை. ஏப்ரல் 10-ல் திருடிய தளம், ஜூலையில் காயம்பட்டவருக்குப் பதிலாக எடுத்த வேகக்காரர், ஏலத்தில் இரண்டு டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவர் எல்லாரும் சேர்ந்துதான் 130 வரை கொண்டுவந்தார்கள். கடைசியாக வந்தது கண்ணில் படுகிறது. முதலில் வந்ததும் அதே எடைதான். ஹோம் ரன்னில் இருபது தள்ளி நிற்கிற நிலைமையும் அந்த உரிமையாளர் ஆறு மாதம் எடுத்த முடிவுகளின் விளைவே. தன் பலம் எங்கே வீணாகிறது, எங்கே ஒன்றிரண்டில் இடம் மாறும் என்று ஜூலையிலேயே கண்டுபிடித்து, ஹோம் ரன் அடிப்பவரைக் கொடுத்து ஓடுபவரை வாங்கியவருக்கே இந்த முறை பரிசளிக்கிறது. அதைத் திறமை என்று நான் சொல்லத் தயங்கமாட்டேன்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கூர்மையானது. சராசரி இனத்தில் முன்னிலையில் இருப்பவர் கடைசி நாளில் தன் ஆட்களை உட்கார வைத்துவிடலாமே? ஈ.ஆர்.ஏ. 3.70, பின்னால் வருபவர் 3.71. ஞாயிற்றுக்கிழமை பிட்சர்களை எடுத்துவிட்டால் 3.70 அப்படியே இருக்கும். ஆடாமல் வெல்வது விளையாட்டா?

இந்தக் கேள்வியை நிஜ பேஸ்பாலே இரண்டு முறை, ஒரே தேதியில், நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. 1941 செப்டம்பர் 28. பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் பருவத்தின் கடைசி நாளுக்கு .39955 சராசரியோடு வந்தார். உட்கார்ந்திருந்தால் முழுமைப்படுத்தி .400 என்று பதிவேட்டில் ஏறியிருக்கும். மேலாளர் ஜோ குரோனின் உட்கார வாய்ப்புக் கொடுத்தார். வில்லியம்ஸ் மறுத்தார். ஃபிலடெல்ஃபியாவில் அன்று இரண்டு ஆட்டம். எட்டு முறை மட்டை பிடித்து ஆறு ஹிட். .406-ல் முடித்தார். அதற்குப் பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் யாரும் ஒரு முழுப் பருவத்தில் .400-ஐ எட்டவில்லை. 2011 செப்டம்பர் 28, நாம் தொடங்கிய அதே நாளின் பகலில், நியூயார்க் மெட்ஸின் ஹோசே ரேயஸ் முதல் முறை மட்டை பிடித்தபோது பந்தை மெதுவாகத் தட்டிவிட்டு ஓடி ஒரு ஹிட் எடுத்தார். உடனே ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். .337. அவரோடு போட்டியில் இருந்து இரவில் ஆடிய ரையன் பிரான் .332-ல் முடிக்க, பேட்டிங் பட்டம் ரேயஸுக்கு வந்தது.

வில்லியம்ஸைப் போற்றாதவர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் போற்றுதலை அப்படியே எடுத்து வந்து ஃபேன்டஸி உரிமையாளர் தலையில் வைப்பது தவறு என்பது என் கருத்து. வில்லியம்ஸ் பணயம் வைத்தது தன் கையால் ஈட்டியதை. ஃபேன்டஸி உரிமையாளருடைய வேலையே யாரை எப்போது ஆடவிடுவது என்று முடிவெடுப்பதுதான். உட்கார வைப்பதும் அந்த முடிவுகளில் ஒன்று. கேட்க வேண்டியது, அந்த முடிவுக்கு ஒரு விலை இருக்கிறதா என்பது. இங்கே ஓக்ரெண்டின் வடிவமைப்பு நாம் நினைப்பதைவிட ஆழமானது. பத்து இனங்களில் சராசரி, ஈ.ஆர்.ஏ., விப் மூன்று மட்டுமே விகிதங்கள். மற்ற ஏழும் எண்ணிக்கைகள். பிட்சர்களை உட்கார வைத்தால் ஈ.ஆர்.ஏ.யும் விப்பும் பத்திரம். ஆனால் அன்று வரவேண்டிய வெற்றியும் ஸ்ட்ரைக்அவுட்டும் போய்விடும். பின்னால் இருப்பவரோ தன் பிட்சரை அனுப்பி ஏழு இன்னிங்ஸ் நன்றாக வீசவைத்து 3.68-க்கு இறங்கிவிடலாம். ரேயஸும் இதே ஆபத்தில்தான் உட்கார்ந்தார். அவர் விலகிய பிறகுதான் பிரான் மட்டை பிடித்தார். உட்கார்ந்தவருக்கு மற்றவர்கள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

விலை சுழியமாகும் இடங்களும் உண்டு. அவற்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். வெற்றியிலும் ஸ்ட்ரைக்அவுட்டிலும் மேலேயும் கீழேயும் எட்டாத தூரம் இருந்தால், உட்கார வைப்பவர் எதையும் இழப்பதில்லை. இதற்குப் பழைய மருந்து இருக்கிறது: இத்தனை இன்னிங்ஸாவது வீசியிருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதி. அந்த அளவு தாராளமாக இல்லாமல் உண்மையிலேயே எட்டக் கடினமாக வைக்கப்பட்டால், செப்டம்பரில் யாரும் எளிதில் உட்கார முடியாது.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. அதிகபட்ச இன்னிங்ஸுக்கு வரம்பு வைக்கும் லீக்குகளில், எடுத்துக்காட்டாக 1,400 இன்னிங்ஸ், வரம்பைத் தாண்டும் நாளின் கணக்கு முழுவதையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் சில தளங்களில் உண்டு. இதை அறிந்தவர் 1,399-ல் நின்றுகொண்டு, கடைசி நாளில் கிடைக்கிற பிட்சர்களையெல்லாம் அள்ளிப்போட்டு ஒரே நாளில் முப்பது, நாற்பது ஸ்ட்ரைக்அவுட் சேர்த்துவிடுவார். உட்கார வைப்பது விளையாட்டின் உள்ளே நடக்கும் முடிவு. இது விதியில் இருக்கும் ஓட்டை. ஆறு மாத ஒழுங்கை ஒரு நாள் தந்திரம் கவிழ்க்க இடம் கொடுக்கும் எந்த விதியும் ரோட்டிசரியின் உயிர்நாடிக்கு எதிரானது. அணியை வாரம் ஒருமுறை மட்டும் மாற்றலாம் என்று பூட்டிவிட்டால் இந்த ஓட்டை பெருமளவு அடைபடும். ஞாயிறு முழுக்க கைபேசியைப் பிடித்துக்கொண்டிருக்க நேரம் இருப்பவருக்குக் கிடைக்கும் அனுகூலமும் அதோடு போகும்.

இனி நேருக்கு நேர் முறை. அதன் வலுவான வாதம், நிஜ பேஸ்பாலும் இப்படித்தான் முடிகிறது என்பது. 162 ஆட்டங்களுக்குப் பிறகு சில குறுந்தொடர்கள், அதில் வென்றவரே சாம்பியன். 2001-ல் சியாட்டில் மாரினர்ஸ் 116 ஆட்டங்களில் வென்று 46-ல் மட்டும் தோற்றது. ஆனாலும் உலகத் தொடருக்குப் போகவில்லை, யாங்கீஸிடம் 4-1 என்று விழுந்தது. நிஜத்தில் ஏற்றுக்கொள்கிறோமே, ஃபேன்டஸியில் ஏன் கூடாது?

ஏன் கூடாது என்றால், நிஜத்தில் அங்கே ஒரு மோதல் நடந்தது. யாங்கீஸின் பிட்சர் வீசிய பந்தை மாரினர்ஸின் ஆள் எதிர்கொண்டார். ஒருவர் மற்றவரைத் தடுத்தார். ஃபேன்டஸி பிளே-ஆஃபில் உங்கள் அணியும் என் அணியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. உங்கள் ஆள் டென்வரில் அடிக்கிறார், என் ஆள் மயாமியில் வீசுகிறார். உங்களைத் தடுக்க நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. இரண்டு தனித்தனிக் கூட்டல்களை ஒரு வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அதற்கு மோதல் என்று பெயர் சூட்டுகிறோம். தருணத்தை எடைபோட மறுக்கும் ஒரு விளையாட்டுக்குள், தருணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவைக்கும் முயற்சி இது. ஒரு வாரத்தில் ஒரு நல்ல பேட்டர் இருபத்தைந்து முறை மட்டை பிடிப்பார். அதில் மூன்று ஹிட்டும் வரலாம், பன்னிரண்டும் வரலாம். அவர் தரத்தைப் பற்றி அந்த வாரம் ஒன்றும் சொல்லாது.

பேஸ்பால் வாரங்களிலேயே செப்டம்பர் வாரங்கள் மிகவும் கோணலானவை என்பது இன்னொன்று. தகுதி பெற்றுவிட்ட அணிகள் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுக்கும். 2019 வரை செப்டம்பர் 1-க்குப் பிறகு ஓர் அணி நாற்பது பேர் வரை வைத்துக்கொள்ள முடிந்தது. புதுமுகங்கள் மூத்தவர்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது அது 28 பேராகக் குறைந்து நிலைமை கொஞ்சம் சீராகியிருக்கிறது. இளம் பிட்சர்களின் கையைக் காப்பாற்ற அவர்களை நிறுத்திவிடுவதும் உண்டு. 2012-ல் வாஷிங்டன் நேஷனல்ஸ், முழங்கை அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டிருந்த ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்கை 159⅓ இன்னிங்ஸோடு செப்டம்பர் 8-ல் நிறுத்தியது. 15 வெற்றி, 197 ஸ்ட்ரைக்அவுட் எடுத்திருந்தவர். ரோட்டிசரி உரிமையாளருக்கு அந்த 197-ம் பத்திரமாகக் கணக்கில் இருந்தது. கடைசி மூன்று வாரம்தான் இழப்பு. நேருக்கு நேர் ஆடியவருக்கு, பிளே-ஆஃப் தொடங்கும் வாரத்தில், ஏப்ரலிலிருந்து தன்னைச் சுமந்துவந்தவர் முழுவதுமாகக் காணாமல் போனார். அவர் செய்த பிழை எதுவும் இல்லை. செப்டம்பரில் நிற்கப்போகிறவர்களை முன்கூட்டியே கணிப்பதும் திறமைதானே என்று சிலர் வாதிடுவார்கள். ஸ்ட்ராஸ்பர்க் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. அணி முன்னதாகவே சொல்லியிருந்தது. ஆனால் ஒரு வீரரின் இருபத்தைந்து வாரத்தில் கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் இவ்வளவு எடை கொடுக்கும் அளவுகோல், வீரர்களை மதிப்பிடும் விளையாட்டுக்குப் பொருந்தாது.

வடிவம் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நிஜ பேஸ்பாலே ஒருமுறை பாடம் நடத்தியது. 1981-ல் வேலைநிறுத்தம் பருவத்தை நடுவில் வெட்டியது. நிர்வாகம் அதை இரண்டு பாதிகளாக்கி, ஒவ்வொரு பாதியிலும் பிரிவில் முதலிடம் பிடித்தவர்களை மட்டும் மேலே அனுப்பியது. அந்த ஆண்டு மொத்த பேஸ்பாலிலும் சிறந்த கணக்கு சின்சினாட்டி ரெட்ஸுடையது, 66 வெற்றி, 42 தோல்வி. எந்தப் பாதியிலும் முதலிடம் வராததால் அவர்கள் பிளே-ஆஃபே ஆடவில்லை. ரோட்டிசரி பிறந்து இரண்டாவது ஆண்டில் நடந்தது இது. 1969-ல் பிரிவுகள் வருவதற்கு முன்பு ஒவ்வொரு லீக்கிலும் நீண்ட பருவத்தின் முதலிடமே கொடி, அதாவது லீக் பட்டம்; சமநிலை வந்தாலொழிய அதற்கு நடுவே எந்தத் தொடரும் இல்லை. ஓக்ரெண்டின் தலைமுறை சிறுவயதில் பார்த்தது அந்தப் பந்தயங்களை. ரோட்டிசரி அந்தப் பழைய கொடிப் பந்தயத்தின் வாரிசு என்றே நான் வாசிக்கிறேன்.

இருந்தாலும் நேருக்கு நேர் முறைக்கு ஒரு பெருமையை மறுக்க மனம் வரவில்லை. அது ஆட்களை உயிரோடு வைத்திருக்கிறது. பன்னிரண்டு அணியில் ஆறு பிளே-ஆஃபுக்குப் போகுமென்றால், ஏழாவது, எட்டாவது இடத்தில் இருப்பவரும் ஆகஸ்ட் கடைசி வரை விடமாட்டார். ரோட்டிசரியில் ஜூலையிலேயே நாற்பது புள்ளி பின்னால் இருப்பவருக்கு ஆட எந்தக் காரணமும் இல்லை. செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்து தொடங்கியதும் அவர் அங்கே போய்விடுவார். காயம்பட்ட ஆள் அணியில் அப்படியே கிடப்பார். அந்த அணியின் சேவ் எண்ணிக்கை உறைந்து நிற்கும். சேவில் அதற்கு ஒன்றிரண்டு கீழே இருக்கும் போட்டியாளர் உழைக்காமலே ஓர் இடம் ஏறுவார். அதற்கு ஏற்கெனவே மேலே இருக்கும் போட்டியாளருக்கு அதனால் ஒன்றும் இல்லை. கைவிடப்பட்ட ஓர் அணி இப்படிச் சாம்பியனைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ரோட்டிசரியின் உண்மையான நோய் இதுதான். ஸ்டீலும் அல்ல, உட்கார வைப்பதும் அல்ல. இதைவிடக் கேடானது, அடுத்த ஆண்டுக்கு வீரர்களைத் தக்கவைக்கும் லீக்குகளில், கடைசியில் இருப்பவர் தன் நட்சத்திரங்களை எல்லாம் ஒரே போட்டியாளருக்கு அள்ளிக்கொடுத்துவிட்டு எதிர்கால ஆட்களை வாங்குவது. அங்கே பட்டம் ஆகஸ்ட் மாதத்து ஒரு தொலைபேசி உரையாடலில் முடிவாகிறது.

நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. 1998-ல் தொடங்கிய டவுட் வார்ஸ் என்ற வல்லுநர் லீக், குறிப்பிட்ட புள்ளிக்குக் கீழே முடிக்கிறவர்களுக்கு, பருவத்தின் நடுவே ஆள் எடுக்க அடுத்த ஆண்டு கிடைக்கும் தொகையைக் குறைக்கிறது. பத்தாவது இடத்தில் இருப்பவருக்கும் செப்டம்பரில் ஒவ்வொரு புள்ளியும் வலிக்கும். 2004-ல் தொடங்கிய நேஷனல் ஃபேன்டஸி பேஸ்பால் சாம்பியன்ஷிப்பில் வீரர் பரிமாற்றமே கிடையாது; யாரும் யாருக்கும் பட்டத்தைத் தூக்கிக்கொடுக்க முடியாது. நண்பர்கள் வட்டத்துக்குப் பரிமாற்றம்தான் பாதிச் சுவை என்பதால் அதை முற்றிலும் தடைசெய்யச் சொல்லமாட்டேன். ஆகஸ்ட் முதல் தேதிக்கு முன்னரே அதை மூடிவிடலாம்.

பருவம் எந்த நாளில் முடிகிறது என்பதுகூட ஒரு காலத்தில் சண்டைக்கு விதையாக இருந்தது. 2007-ல் கொலராடோ ராக்கீஸும் சான் டியேகோ பாட்ரஸும் சமமாக நின்றதால் அக்டோபர் 1, திங்கட்கிழமை 163-வது ஆட்டம் ஆடினார்கள். அதன் கணக்கு வழக்கமான பருவத்தோடு சேரும். அந்த ஆட்டத்தில்தான் மேட் ஹாலிடே, ரையன் ஹாவர்டின் 136-ஐத் தாண்டி 137 ஆர்.பி.ஐ.யோடு முடித்தார். ஞாயிறோடு கணக்கை மூடிய லீக்கும் திங்களைச் சேர்த்துக்கொண்ட லீக்கும் ஒரே வீரர்களை வைத்துக்கொண்டே வேறு வேறு சாம்பியனைக் கண்டிருக்க முடியும். 2022 முதல் சமநிலையைத் தீர்க்கும் இத்தகைய ஆட்டங்களை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் 2024-ல் புயலால் தள்ளிப்போன மெட்ஸ், பிரேவ்ஸ் ஆட்டங்கள் இரண்டும் செப்டம்பர் 30, திங்கட்கிழமைதான் நடந்தன. கடைசி நாள் எது என்பதை ஏலத்தன்றே எழுதிவைக்காத லீக்குக்கு, அரைப் புள்ளி இடைவெளியில் அன்று என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எடைபோட்டுப் பார்த்ததில் என் முடிவு இது. நெருக்கமான பந்தயத்தைத் தீர்க்க ரோட்டிசரி முறையே தகுதியானது. அதில் ஏப்ரலும் செப்டம்பரும் ஒரே தராசில் நிற்கின்றன. அரைப் புள்ளியில் தோற்றவர் தன் தோல்வியை ஆறு மாதத்தின் எந்தப் பக்கத்தைப் புரட்டியும் தேடிக் கண்டுபிடிக்க முடியும். நேருக்கு நேர் முறையில் தோற்றவர் தேட ஒரே ஒரு வாரம்தான் இருக்கிறது, அங்கே பெரும்பாலும் கிடைப்பது எதேச்சைதான். பரபரப்புக்காக அதை விரும்புகிறவர்கள் ஆடட்டும்; பருவம் முழுவதற்குமான முதலிடத்துக்குத் தனியாக ஒரு பரிசாவது வைக்கட்டும். ஆனால் ரோட்டிசரியின் இந்தத் தகுதி நிபந்தனைக்கு உட்பட்டது. கடைசி இடங்களில் இருப்பவர்களைச் செப்டம்பர் வரை ஆடவைக்க ஒரு விதி இல்லாத ரோட்டிசரி லீக்கின் பட்டத்தை நான் முழுப் பட்டமாக ஏற்கமாட்டேன்.

இந்த விளையாட்டை உருவாக்கிய ஓக்ரெண்ட் தன் சொந்த லீக்கில் ஒருமுறைகூட வென்றதில்லை. அந்த நண்பர்கள் அச்சில் வரும் புள்ளிவிவரங்களைக் காத்திருந்து வாங்கிக் கையால் கூட்டினார்கள். யார் வென்றார் என்பது கடைசி ஆட்டம் முடிந்த கையோடு தெரிந்துவிடாது. கூட்டி முடித்ததும் வென்றவர் தலையில் யூ-ஹூ என்ற சாக்லேட் பானத்தை ஊற்றினார்கள். வரும் மார்ச்சில் நீங்கள் ஒரு லீக் தொடங்குவதாக இருந்தால், வீரர் பட்டியலைப் பிரிப்பதற்கு முன் மூன்று வரிகளை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: கடைசி நாள் எது, குறைந்தபட்ச இன்னிங்ஸ் எவ்வளவு, பாதியில் விட்டுப்போகிறவருக்கு அடுத்த ஆண்டு என்ன.